வேதாளங்கள் காவல் இருக்கும் ஊர்... மணலுக்குள் தங்கம் இருக்கிறதா? செய்யூர் டு மாமல்லபுரம், ஒரு புதையல் பயணம்!

கோயிலுக்குப் போனால் முதலில் சாமியைத் தேடுவோம். செய்யூர் கந்தசாமி கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் முதலில் தேடுவது வேதாளங்களை!

செங்கல்பட்டு மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது செய்யூர். தாலுகா தலைநகரம். ஆனாலும் கடைத்தெருவைத் தாண்டினால் வயலும் ஏரியும்தான். இங்குள்ள கந்தசாமி கோயில் முன்பாக, 27 நட்சத்திரங்களுக்கு ஒன்றாக 27 வேதாளங்கள் கல்லில் நிற்கின்றன. தங்கள் நட்சத்திரத்துக்குரிய வேதாளத்தைக் கண்டுபிடித்து விளக்கேற்றி வணங்குகிறார்கள் பக்தர்கள்.

விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேதாளம் என்றதும் முருங்கை மரம் ஞாபகம் வரும். அடுத்து வருவது புதையல். 'பூமிக்குள்ள இருக்கிற தங்கத்தைப் பூதம் காக்கும், பாம்பு காக்கும், உரியவங்க கைக்குத்தான் அது கிடைக்கும்' என்று பாட்டி சொல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா என்ன?

செய்யூரைச் சுற்றியுள்ள கடலோரத்தில் இப்படிப்பட்ட கதைகள் முளைக்க எல்லாக் காரணங்களும் இருக்கின்றன. இடிந்த கோட்டை, நாணயம் அடித்த இடம், கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் கோயில்கள் என எல்லாமே இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும். இவற்றில் எது கதை, எது நிஜம்? நிஜமாகவே தங்கம் கிடைத்தால் அது யாருக்குச் சொந்தம்? ஒரு ரவுண்டு போய் வரலாம்.

காசு அடித்த கோட்டை

செய்யூரிலிருந்து ஈ.சி.ஆர். வந்து, தெற்கே புதுச்சேரி பக்கம் திரும்பினால் கடப்பாக்கம். அங்கிருந்து கடலை நோக்கிப் போகும் சாலையின் முடிவில் ஆலம்பரைக் கோட்டை. இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டுக்காரர்தான்.

கோட்டை என்றதும் செஞ்சி, வேலூர் அளவுக்குக் கற்பனை செய்ய வேண்டாம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய மதில்களில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். பிளந்து சாய்ந்த கொத்தளங்கள், இடையிடையே முள்செடி, அதற்கு அப்பால் கழிமுகம், அதையும் தாண்டி மணல்திட்டு, கடல். 2004-ம் ஆண்டு சுனாமியிலும் இந்தச் சுவர்கள் அடி வாங்கின.

ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில், 18-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த கோட்டை இது. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு வந்தது. தக்காண சுபேதார் பதவிக்கு முசாபர் ஜங்கை உட்கார வைக்க அவர் செய்த உதவிக்குக் கிடைத்த பரிசு என்கிறார்கள். பத்து வருடம்கூட நிம்மதியாக ஆள முடியவில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். அதே வருடம் ஆங்கிலேயர்கள் ஆலம்பரையைப் பிடித்தார்கள், இடித்தார்கள்.

புதையல் பேச்சுக்குக் காரணம், இங்கே இருந்த நாணயச்சாலை. புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் ஆலம்பரை திரும்பத் திரும்ப வருகிறது. அந்த அளவுக்கு வியாபாரம் நடந்த துறைமுகம். காசு அடித்த இடம், அவசரமாகக் கைவிட்ட கோட்டை, அதன் மேல் இரண்டரை நூற்றாண்டு மணல். 'அப்படின்னா உள்ளே ஏதோ இருக்கணுமே!' என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால், நாணயச்சாலை எப்படி இயங்கியது என்று தெரிந்தால் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும். வியாபாரிகள் தங்கள் வெள்ளியையும் பொன்னையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை உருக்கி, தரம் பார்த்து, எடை பார்த்து, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். நாணயச்சாலைக்குக் கிடைப்பது கூலியும் வரியும்தான். அடித்த காசு உடனே நெசவாளிக்கும் உப்பு வியாபாரிக்கும் சிப்பாய்க்கும் போய்விடும். ஆக, அது காசு புறப்படும் இடமே தவிர, தங்கும் இடம் இல்லை. மிச்சம் மீதி கஜானாவில் இருந்தாலும், கோட்டையைப் பிடித்த படை முதலில் கை வைத்திருப்பது அங்கேதான்.

அப்படியானால் இந்த மாதிரி இடங்களின் மணலில் எப்போதாவது தட்டுப்படும் பழைய காசுகள்? பெரும்பாலும் யாரோ தவறவிட்ட செப்புச் சில்லறை. விற்றால் பெரிய விலை போகாது. ஆனால், எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்று தெரிந்தால் ஒரு செப்புக் காசே அந்த ஊரின் வயதைச் சொல்லிவிடும். எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட அந்த நிமிடமே அந்தச் சாட்சியம் போய்விடுகிறது.

புதைத்தது பொய் இல்லை

அதற்காகப் புதையல் கதைகள் எல்லாமே கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வங்கி இல்லாத காலத்தில் வீட்டுத் தரையும் கோயில் மண்ணும்தான் லாக்கர்.

இந்த வட்டாரத்தின் 18-ம் நூற்றாண்டைப் பாருங்கள். 1740-ல் மராத்தியப் படை வந்தது, தோஸ்த் அலி கான் கொல்லப்பட்டார். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1758 முதல் மூன்று வருடம் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் விடாத சண்டை. 1780-ல் ஹைதர் அலியின் படையெடுப்பு. செங்கல்பட்டுச் சீமையின் கிராமங்கள் பல அதில் சின்னாபின்னமாகின. படை வருகிறது என்ற செய்தி வந்தால் தாலியையும் காசையும் குடத்தில் போட்டுப் புதைத்துவிட்டு ஓடுவது ஒன்றும் அதிசயம் இல்லை. திரும்பி வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வராதவர்களின் குடம் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. 'உரியவங்க கைக்குத்தான் கிடைக்கும்' என்ற பேச்சுக்குப் பின்னால் இப்படி ஒரு சோகமும் இருக்கலாம்.

2020 பிப்ரவரியில் திருச்சி திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் குழி தோண்டியபோது ஒரு பித்தளைப் பாத்திரம் தட்டுப்பட்டது. உள்ளே 505 தங்கக் காசுகள்! எடை சுமார் 1.7 கிலோ. யாரும் மந்திரம் போடவில்லை, மை போட்டுப் பார்க்கவில்லை. சாதாரணமாக நடந்த வேலையில் கிடைத்தது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பார்த்து வியக்கும் வெண்கலச் சிலைகளில் பலவும் இப்படி மண்ணுக்குள்ளிருந்து வந்தவைதான். ஆபத்துக் காலத்தில் சாமியைக் காப்பாற்ற யாரோ புதைத்து வைத்திருக்கிறார்கள்.

கடலுக்குள் மின்னிய கலசம்

ஆலம்பரையிலிருந்து வடக்கே சுமார் 50 கி.மீ. தூரத்தில் மாமல்லபுரம். வழியில் முதலியார்குப்பம் படகுத் துறை, ஓதியூர் ஏரி, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை. அந்தக் கோட்டையில் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தவை பீங்கான் ஓடுகள், புகைக்குழாய்த் துண்டுகள் போன்றவை. நம்ம ஊர் வெயிலில் உட்கார்ந்து புகைபிடித்த டச்சுக்காரரை அந்தத் துண்டுகள் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்துவிடுகின்றன.

மாமல்லபுரத்தின் கதை இன்னும் பெரியது. இங்கே ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுக்குள் போய்விட்டன, மிஞ்சியது கடற்கரைக் கோயில் மட்டுமே என்பார்கள். 1770-களில் இரண்டு முறை இங்கே வந்த வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை 1788-ல் வெளியான கட்டுரையில் எழுதிவைத்தார். கடலுக்குள் தூரத்தில் கோயில் உச்சிகள் தெரியுமாம். அவற்றின் மேல் இருந்த செப்புத் தகடு, சூரியன் உதிக்கும்போது பளபளவென்று மின்னுமாம். பிறகு களிம்பு ஏறி மங்கிவிட்டதாம். அந்தத் தகட்டுக்குப் பொன்முலாம் பூசியிருக்க வேண்டும் என்பது சேம்பர்ஸின் ஊகம். அந்தப் பொன்முலாம்தான் வாய் மாறி வாய் மாறி, 'கடலுக்கடியில் தங்கக் கோபுரம்' என்று வளர்ந்தது.

2002-ல் தேசிய கடலாய்வு நிறுவனமும் இங்கிலாந்துக் குழு ஒன்றும் சேர்ந்து இங்கே கடலுக்குள் இறங்கிப் பார்த்தார்கள். 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்கள், செதுக்கிய கற்கள், படிக்கட்டு போன்ற அமைப்புகள் இருந்தன. தங்கம் இல்லை. ஆனால், பெரியவர்கள் சொன்னது மொத்தமும் பொய் இல்லை என்பது தெரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியபோது, வரிசையாகக் கற்கள் தெரிந்ததாகக் கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

உண்மையான புதையல் வரைபடம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 5 கி.மீ. தூரத்தில் சாளுவன்குப்பம். புலிக்குகையைப் பார்த்து செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள், பக்கத்தில் இருக்கும் இன்னொரு இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபோது, புலிக்குகைக்கு அருகே ஒரு பாறையில் கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. அங்கே ஒரு சுப்பிரமணியர் கோயில் இருந்ததாக அவை சொல்லின. கோயில்? கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. கல்வெட்டைப் படித்தவர்கள் சுற்றிலும் தேடினார்கள். அருகில் ஒரு மணல்மேடு. 2005-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. மேட்டுக்குள்ளிருந்து பல்லவர் காலக் கோயில் வெளியே வந்தது. அதற்கும் கீழே, அதைவிடப் பழைய செங்கல் கோயிலின் அடித்தளம். சங்க காலத்தைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கல்லில் செய்த வேலும் நிற்கிறது.

சினிமாவில் வருகிற புதையல் வரைபடம் மாதிரியே இருக்கிறது இல்லையா? ஒரே ஒரு வித்தியாசம். இங்கே தங்கமும் ஒளித்து வைக்கப்படவில்லை, எழுதி வைக்கப்பட்டிருந்தது!

இந்தக் கோயில் தூண்களில் இருக்கும் 9-ம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஒன்று, வசந்தனார் என்ற பெண் விளக்கெரிக்க 16 கழஞ்சு பொன் கொடுத்ததைச் சொல்கிறது. இன்னொன்று, கிரார்ப்பிரியன் என்பவர் 10 கழஞ்சு கொடுத்ததைச் சொல்கிறது. ஒரு கழஞ்சு ஏறக்குறைய 5 கிராம். வசந்தனார் கொடுத்தது இன்றைய கணக்கில் பத்து பவுன்.

அந்தப் பத்து பவுனை யாரும் பெட்டியில் பூட்டவில்லை. அக்காலத்தில் இப்படிக் கொடுக்கும் பொன்னை ஊர்ச் சபையோ வணிகரோ பெற்றுக்கொள்வார்கள். முதல் அப்படியே இருக்கும். அதிலிருந்து வரும் வட்டிக்கு நெய்யோ எண்ணெயோ அளப்பார்கள். விளக்கு அணையாமல் எரியும். நாளைக்கு யாரும் 'வாங்கவே இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது என்றுதான் கல்லில் வெட்டினார்கள். கிட்டத்தட்ட ஃபிக்சட் டெபாசிட் ரசீது! வசந்தனாரின் பொன் இன்று எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஆனால் அவர் பெயர் 1,200 வருடம் கழித்தும் கிடைத்திருக்கிறது.

உத்திரமேரூர் படிக்கட்டு

இனி, கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குள். மதுராந்தகத்தைத் தாண்டி வடமேற்கே போனால் உத்திரமேரூர். குடவோலைத் தேர்தல் கல்வெட்டுக்காகப் பாடப்புத்தகத்தில் படித்த அதே ஊர். 2020 டிசம்பரில் இந்த ஊர் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டது.

பழைய குழம்பேஸ்வரர் கோயிலைத் திருப்பணிக்காக ஊர்மக்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கருவறைக்கு முன்னால் இருந்த கல் படியை நகர்த்தியபோது, துணியில் சுற்றிய தங்க நகைகள். மொத்தம் அரைக் கிலோவுக்கும் மேல்.

தகவல் தெரிந்து வருவாய்த் துறை அதிகாரிகள் வந்தார்கள், நகையைக் கேட்டார்கள். மக்கள் மறுத்தார்கள். 'எங்கள் முன்னோர்கள் சாமிக்கு வைத்தது. திருப்பணி முடிந்ததும் அதே இடத்தில் திரும்ப வைக்கப்போகிறோம்' என்பது அவர்கள் வாதம். அதிகாரிகளோ சட்டத்தைக் காட்டினார்கள். போலீஸ் வந்தது. பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் நகைகள் அரசுக் கருவூலத்துக்குப் போயின.

யார் பக்கம் நியாயம்? கோயிலைக் கட்டிக் காத்தவர்கள் ஊர்க்காரர்கள். ஒரு கிராம்கூட யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். அதே நேரம், பதிவு இல்லாமல் படிக்கு அடியில் திரும்ப வைத்தால், ஊரறிந்த அந்தத் தங்கத்துக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. இதே உத்திரமேரூரில் 1,100 வருடங்களுக்கு முன், பராந்தக சோழன் காலத்தில், ஏரி வாரியம், தோட்ட வாரியம் போலவே பொன் வாரியம் என்று ஒன்று இருந்தது. உறுப்பினர்களைக் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்கள்கூட மறுபடி வர முடியாது. பொது தங்கத்தை யார் வைத்திருப்பது, யாரிடம் கணக்கு கேட்பது என்ற கேள்விக்கு இந்த ஊர் அப்போதே ஒரு பதில் எழுதி வைத்திருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

'புதையல் கிடைத்தால் மொத்தமும் அரசாங்கத்துக்கு' என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்தப் பயத்திலேயே மறைக்கிறார்கள், உருக்குகிறார்கள். 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

* மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எப்போது என்ற விவரம் அவசியம். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது தருவதாக ஜாமீன் கொடுக்க வேண்டும்.

* கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருகிறவர்கள் வரலாம், விசாரணை நடக்கும்.

* உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், இருவருக்குள்ளும் வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு என்பது அந்தச் சட்டத்தின் பொது விதி.

* பொருள் தேவை என்று அரசு கருதினால், அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

* சொல்லாமல் மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருடம் வரை சிறைத் தண்டனையும் கிடைக்கலாம்.

இது தவிர, 100 வருடத்தைத் தாண்டிய காசு, சிலை போன்றவற்றை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதும், வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி குற்றம்.

கனவை நம்பி ஒரு கடப்பாரை

புதையல் ஆசை தனி மனிதர்களை மட்டும் பிடிப்பதில்லை. 2013-ல் உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், தௌந்தியா கேரா என்ற இடத்தில், கோட்டைக்கு அடியில் 1,000 டன் தங்கம் இருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டார். அப்போது ரிசர்வ் வங்கியின் கையிருப்பே சுமார் 558 டன்தான்! தேசமே டி.வி. முன் உட்கார்ந்து பார்க்க, அக்டோபர் 18 அன்று தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. இரண்டு வாரத்துக்குள் வேலை நின்றது. கிடைத்தவை பானை ஓடு, வளையல் துண்டு, பழைய சுவர்.

அது வேடிக்கையோடு போனது. நம்ம ஊரில் நடப்பது பல நேரம் வேடிக்கையாக முடிவதில்லை. மை போட்டுப் பார்க்கிறேன், பூஜை செய்து பூதத்தைக் கட்டுகிறேன் என்று பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணுள்ளிப் பாம்பு புதையலைக் காட்டும் என்று அந்தப் பாவப்பட்ட பிராணியைப் பிடித்து விற்கிறார்கள். இடி விழுந்த கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கும், அரிசியை இழுக்கும் என்று 'ரைஸ் புல்லிங்' மோசடியில் லட்சக்கணக்கில் இழந்தவர்கள் உண்டு. அந்த மோகத்தில் எத்தனையோ சின்னக் கோயில்கள் கலசத்தைப் பறிகொடுத்திருக்கின்றன. ஆள் அரவம் இல்லாத பழைய மண்டபங்களில் தரைக்கல்லைப் பெயர்த்துக் குழி பறித்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் குழி எதற்காக என்று விளக்க வேண்டியதில்லை. தோண்டியவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனால் அந்த இடத்தைப் பற்றி நாளைக்கு ஆய்வாளர் தெரிந்துகொள்ள இருந்தது கலைந்து போயிருக்கும்.

எப்படிப் போவது?

செய்யூருக்கு மதுராந்தகத்திலிருந்து கிழக்கே வரலாம். ஈ.சி.ஆர். வழியாக வருகிறவர்கள் மேற்கே பிரியும் சாலையில் உள்ளே வர வேண்டும். கந்தசாமி கோயிலையும், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள வால்மீகநாதர் கோயிலையும் காலையிலேயே பார்த்துவிடுங்கள். வெயில் ஏறும் முன் ஆலம்பரை. கோட்டையில் நிழல் குறைவு, தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். கொத்தளங்கள் பிளந்து நிற்பதால் குழந்தைகளை ஏற விட வேண்டாம். பிற்பகலில் முதலியார்குப்பத்தில் படகு, மாலையில் சாளுவன்குப்பம். உத்திரமேரூருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவது நல்லது.

மணலில் ஒரு காசோ, எழுத்துள்ள கல்லோ கண்ணில் பட்டால்? இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுங்கள். மொபைலில் லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ தகவல் சொல்லுங்கள். சாளுவன்குப்பத்தில் ஒரு கோயிலே கிடைத்தது, பாறையில் தெரிந்த எழுத்தை யாரும் உடைக்காமல் விட்டதால்தான்.